பாய்க்கு ஆடி, பெரியவருக்கு சஃபர்

இந்தக் காலத்து மனுஷன் எவனும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ‘ஆய்டும்’ என்கிறான். வீடு எப்போது காலியாகும் என்றால் ஆய்டும். பத்திரம் எப்போது என்றால் ஆய்டும். செங்கல்வராயன் தோல் கம்பெனியில் உப்புத்தோல் சுமந்த காலத்தில் ஒரு மேஸ்திரி இருந்தான். போடா என்றால் போக வேண்டும், வாடா என்றால் வர வேண்டும். அயோக்கியப் பயல்தான். ஆனால் அவன் சொன்னதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. இப்போது எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அதனால்தான் ஒன்றும் நடப்பதில்லை.

நடக்க வேண்டியது இதுதான். ஆம்பூரில் அவருடைய வீடு மாடியில் இருந்தது. கீழ்வீடு பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போய்விட்டது. மேலே போக, ஏணிக்கு அண்ணன் மாதிரி ஒரு குறுகல் படி. அதில் ஏறி இறங்கியே மனைவி பூங்காவனத்துக்கு இரண்டு முட்டியும் போயிற்று. ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்தவள், “யோவ், தரையில ஒரு வீடு பாரு. பார்த்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ” என்றாள். மேலே ஏறவே இல்லை. அப்படியே இறங்கி, குடியாத்தத்தில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று முதல் செங்கல்வராயன் தானே உலை வைத்து, தானே குழையவிட்டு, தானே திட்டிக்கொண்டு தின்றார்.

தரை வீடு கிடைக்காமல் இல்லை. அடுத்த தெருவில் இஷ்தியாக் அகமதுவின் வீடு. பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் இஷ்தியாக் காலி செய்து வாணியம்பாடியில் புகழேந்தியின் வீட்டுக்குப் போக வேண்டும். புகழேந்தி காலி செய்து, காட்பாடியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் போக வேண்டும். செங்கல்வராயனின் மாடியை வாங்கப்போகும் மஹ்பூபியோ வாடகை வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின்னால் ஒன்று. முதல் பெட்டி நகர்ந்தால்தான் கடைசிப் பெட்டி நகரும். எல்லாவற்றுக்கும் புரோக்கர் ஒரே ஆள், நாகேந்திரன்.

அவனை டீக்கடையில் மடக்கினார்.

“இன்னாய்யா, பாய் எப்போ காலி பண்றாரு?”

“ஆய்டும்பா. இப்போ சஃபர் மாசம் நடக்குது. அவங்களுக்கு அதுல புது வீடு ஆகாது.”

“அவரு சொன்னாரா?”

“இதெல்லாம் கேக்கற விஷயமா? சாமி விஷயம்பா. நாமளா பார்த்து நடந்துக்கணும்.”

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். பாயும் மற்றவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மருமகள் சண்டை வரைக்கும் பேசுவார்கள். கும்பிடுகிற விஷயத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைச்சல். அவரவர் யூகித்து நடந்துகொள்ள வேண்டியது.

மறுநாள் மஹ்பூபி போன் செய்தாள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு பேரை விரட்டிய குரல்.

“அண்ணா, வீட்டுக்காரன் இந்த மாசத்தோட போன்னுட்டான். நீங்க நகர்றீங்களா, நான் வேற வீடு பார்த்துக்கவா?”

“பாரும்மா, சஃபர் மாசமாம்...”

“அதுக்கு இன்னாண்ணா? சஃபர்னா வாடகை வேணாம்னு சொல்லிடுவானா?”

அவள் விலகினால் மாடி விற்காது. மாடி விற்காவிட்டால் தரை வீடு இல்லை. தரை வீடு இல்லாவிட்டால் பூங்காவனம் வரமாட்டாள். செங்கல்வராயன் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இஷ்தியாக் வீட்டுக்குப் போனார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. மூலையில் ஒரு சின்ன அடுப்பில் இஷ்தியாக்கின் மனைவி பில்கிஸ் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

“வாங்க பெரியவரே. பொட்டி மேலயே உக்காருங்க. நாற்காலியக் கட்டி வெச்சாச்சு” என்றார் இஷ்தியாக்.

“கட்டி வெச்சிட்டு எதுக்குக் காவல் காக்கறீங்க? உங்க சஃபர் எப்போதான் முடியும்?”

“சஃபருக்கு இன்னா?”

“அதுல புது வீடு போவ மாட்டீங்களாமே.”

“யாரு சொன்னது? அதெல்லாம் எங்க பாட்டன் காலத்துல பார்த்தாங்க. என் கல்யாணமே சஃபர்லதான் ஆச்சு.”

“அதான் இந்தக் கதியில இருக்குது” என்றாள் பில்கிஸ், திரும்பாமலே.

இஷ்தியாக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “நான் உங்களுக்காகத்தான் உக்காந்துனு இருக்கேன். ஆடி மாசமாச்சே. ஆடியில நீங்க பால் காய்ச்ச மாட்டீங்க, நாம அவசரப்படுத்தக் கூடாதுன்னு...”

“நான் ஆடி பார்ப்பேன்னு எவன் சொன்னான்?”

“இதெல்லாம் கேக்கற விஷயமா பெரியவரே? உங்க சாமி, உங்க நம்பிக்கை.”

“பாய், எங்கிட்ட இருக்கறதே ஒரு சாமி. அதுவும் முட்டி வலின்னு குடியாத்தம் போயிடுச்சு. அந்தப் புகழேந்திக்கு இன்னா கேடு? கறுப்புச் சட்டைக்காரன், புள்ளை கல்யாணத்தையே ராகு காலத்துல வெச்சவனாச்சே?”

இஷ்தியாக் யோசித்தார். “அவரும் ஒரு போன் கூடப் பண்ணல.”

இருவரும் இஷ்தியாக்கின் காரில் வாணியம்பாடிக்குப் போனார்கள். புகழேந்தி வாசலுக்கே வந்து கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் மேடையில் நிற்பவர் போல நிமிர்ந்தார்.

“ஐயா, எனக்கு மாதமும் கிடையாது, கிழமையும் கிடையாது. ஆனால் அடுத்தவர் நம்பிக்கையைப் புண்படுத்துவது பகுத்தறிவு ஆகாது. பாய்க்கு சஃபர். உங்களுக்கு ஆடி. இரண்டும் முடியட்டும் என்று என் புது வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன்.”

“அதாவது, சாமியே இல்லைன்னு சொல்ற நீ ரெண்டு சாமிக்கும் சேர்த்து விரதம் இருந்திருக்க.”

இஷ்தியாக் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் புகழேந்தியும் சேர்ந்துகொண்டார். அங்கேயே பேசி முடிவானது: புதன்கிழமை காலையில் வாணியம்பாடிப் பத்திரம், மதியம் ஆம்பூர்ப் பத்திரங்கள். நாகேந்திரனுக்குச் சொன்னபோது அவன் போனிலேயே, “அதான் நான் சொன்னேனே, ஆய்டும்னு” என்றான்.

செங்கல்வராயன் ஓரமாகப் போய்க் குடியாத்தத்துக்கு போன் போட்டார்.

“புதன்கிழமை தரை வீடு கைக்கு வருது. ஆடி கீடின்னு நீ ஏதாவது இழுப்பியா?”

“முட்டிக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?” என்றாள் பூங்காவனம். “பால் காய்ச்சப் பாத்திரம் நான் கொண்டாறேன். நீ தீய வெச்சதுல எதையும் எடுத்துனு வராத.”

அவர் திரும்பி வந்தபோது மற்ற இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “இந்தக் காலத்துல யாருங்க இவ்ளோ பார்க்கறாங்க?” என்றார் இஷ்தியாக். “இதுதான் நம் மண்ணின் பண்பு” என்றார் புகழேந்தி.

செங்கல்வராயன் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார். இரண்டு தென்னை. மரத்தில் ஒரு காய் இல்லை. சுவரோரம் அன்றோ நேற்றோ பறித்த தேங்காய் இடுப்பளவு குவிந்து கிடந்தது.

“பண்பாம்” என்றார். “காய் முத்தட்டும்னு காத்துனு இருந்திருக்கான்.”

“ஐயா, அது வேறு விஷயம்...”

“எல்லாம் வேற விஷயம்தான். எனக்காகக் காத்திருந்தாங்களாம். எனக்காக எவனாவது காத்திருந்தா வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.”

“பெரியவரே, பிரியாணி சொல்லியிருக்கு, சாப்ட்டுட்டு வண்டியிலயே போலாம்” என்று இஷ்தியாக் கூப்பிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. யாரு மொதல்ல கை வைக்கறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள அது ஊசிப் போயிடும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். புதன்கிழமை கையெழுத்து விழட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே போனார்.