அம்மாவின் ஓட்டு

ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டு வைத்திருந்தார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் சம்மதமோ. அம்மாவுக்குக் கண் தெரியாது. அவள் ஓட்டையும் மகன்தான் போட வேண்டும். மறைப்புக்குள் நுழைந்ததும், "கூடாதுன்னு குத்துப்பா, கருமம்," என்றாள்.

மகனோடு வாழும் எலெக்ட்ரீஷியனை வெறும் சிநேகிதன் என்றே அவள் நம்பியிருந்தாள். மாற்றிக் குத்தினால் அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் பன்னிரண்டு வருடம் ஏமாற்றியவனுக்கு அந்த ஒரு நிமிடம் ஏமாற்ற மனம் வரவில்லை. அவள் சொன்னபடியே குத்தினான். தன் சீட்டில் கூடும் என்று குத்தினான். அம்மாவும் பிள்ளையும் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

வெளியே படியருகே எலெக்ட்ரீஷியன் அவளுக்காகக் குடையோடு காத்திருந்தான். மகன் பிடித்திருந்த கையை அம்மா உதறினாள்.

"நீ விடு. அவன் புடிச்சாத்தான் எனக்குப் பயமில்லாம இருக்கும்."