முதல் செமஸ்டர் கணக்கு, நான்காம் முறை

எட்டாவது செமஸ்டர் முடிந்தபோது எனக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. முதல் செமஸ்டர் கணக்கு. மூன்று முறை எழுதி மூன்று முறையும் மண்ணைக் கவ்வியிருந்தேன். பெங்களூரில் கிடைத்திருந்த வேலை, ஜூலைக்குள் இதில் பாஸானால்தான் நிலைக்கும். எங்கள் ஊர் மார்டள்ளியில் அப்பாவோ, என் மகள் பாக்கியலட்சுமி இன்ஜினியர் ஆகிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் பழைய புத்தகத்தைத் திறந்தேன். ஓரமெல்லாம் பென்சிலால் 'புரியலை' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் அழுத கறைகூட இருந்தது. கணக்கோ பச்சைப் பிள்ளை போடுகிற கணக்கு. இதற்கா அழுதேன்? சந்தேகம் தாங்காமல் கணக்கு நடத்தும் பசவராஜ் சாரிடம் போய், பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். அதே பாடம்தான் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்று மணி நேரப் பரீட்சையை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. முன் பெஞ்சுகளில் முதல் வருடப் பிள்ளைகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு லேசாக இருந்தால் நான்தான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று பெரிய விடைகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். ஏழாவது செமஸ்டரில் படித்த பெரிய முறைகளை இழுத்துவந்து பக்கம் பக்கமாக எழுதினேன். மணி அடித்தபோது மூன்றும் பாதியில் நின்றன.

ஆறு மதிப்பெண் குறைந்து ஃபெயில். அந்த வாரமே வேலையும் போயிற்று.

அடித்த விடையைத் திருத்த மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்காமல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் ஷ்ரேயா, இதே பேப்பரை முதல் முறையிலேயே பாஸ் பண்ணியவள், கோடு போட்ட பக்கங்களை நிதானமாகப் படித்தாள். பிறகு தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

"மூணும் கரெக்ட்டாவே இருக்கு கணே. ஏன் அடிச்சே?"

எனக்கு அழுகை வந்தது. முதல் வருடத்தில் வந்த அதே அழுகை.

"சுலுவா இருந்துச்சு" என்றேன்.