கூரையில் விழுந்த இடி

என் வீட்டுக்காரர் பிரசங்கி. எனக்கு வானிலை ஆபீசில் வேலை. "ஒரே மேகத்தை வச்சு ரெண்டு பேரும் பொழைக்கறீங்க" என்று இவருடைய அக்கா, என் நாத்தனார், கேலி செய்வார். அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பொய்யில்லை. வேதத்தில் காற்றோ மழையோ வந்துவிட்டால் இவர் அடுப்படிக்கு வந்து நிற்பார். பனி எப்படி இறங்குகிறது என்று நான் சொல்வேன். சத்தமில்லாமல் வரும் அருள்தான் பனி என்று அவர் பிரார்த்தனைக் கூடத்தில் முழங்குவார். பேர் வாங்குவது அவர், தொண்டை வறள்வது எனக்கு!

போன மழைக்காலத்தோடு அண்ணியின் கேலி நின்றுபோனது. அவர் கணவர், எனக்கு அண்ணன் முறை, தச்சர். பிரார்த்தனைக் கூடத்துக் கூரை ஒழுகுகிறதென்று ஏறினார். இடி விழுந்து அங்கேயே போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணி கூடத்துப் பக்கம் வரவில்லை.

நேற்று என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"அந்த மனுஷன் என்ன பாவம்டி பண்ணாரு? யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. ஒருநாள் காபி ஆறிப்போச்சுன்னு தம்ளரைத் தூக்கி எறிஞ்சாரு. அதுக்கா?"

"இடிக்கு ஏது அண்ணி கண்ணு? உசரத்துல நிக்கறது மேல விழும், அவ்வளவுதான்."

"நீ ஆபீஸ் கணக்கு சொல்ற. நாளைக்கு என் தம்பி இடியைப் பத்திப் பேசறானாமே? வேதம் என்ன சொல்லுதுன்னு அவன் வாயாலயே கேட்டுக்கறேன்."

இடி தண்டனைதான் என்று இவர் சொல்லிவிட்டால் செத்தவர் பாவி. அண்ணி அதைச் சாகும்வரை சுமப்பார்.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து பிரசங்கத்தை ஒப்பிக்க ஆரம்பித்தார். "இடி, கடவுளின் கோபம்..."

"நிறுத்துங்க. வேதத்துல இடின்னா கோபம் மட்டும்தானா?"

"சில இடத்துல கடவுளோட குரல். சில இடத்துல மழை வருதுங்கற நல்ல சேதி."

"அப்புறம் ஏன் கோபத்தையே பிடிச்சுத் தொங்கறீங்க?"

"அதுதான் ஜனங்க மனசுல பதியும்."

"சும்மா பூசி மெழுகாதீங்க. மேகம் சரியில்ல, யாரையும் ஏத்தாதீங்கன்னு அன்னிக்கு நான் போன்ல சொன்னேனா இல்லையா? சின்ன வேலைதான்னு அண்ணனை ஏத்துனது யாரு? கடவுள் கோபம்னு சொல்லிட்டா உங்க கை சுத்தமாயிடும். அதானே?"

"வாயை மூடு!"

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "செத்தவர் தலையில பாவத்தைக் கட்டிட்டு நீங்க வேதத்துக்குப் பின்னாடி ஒளியாதீங்க" என்றேன். அவர் சாப்பாடே வேண்டாம் என்று போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை கூடம் நிரம்பி வழிந்தது. அண்ணி முன்வரிசையில் இருந்தார். இவர் இடியைப் பற்றிய பகுதியை வாசித்து முடித்து, வேதத்தை மூடி வைத்தார்.

"இதுல இடி கடவுளோட குரலா வருது, கோபமாவும் வருது. நம்ம கூரையில விழுந்தது ரெண்டும் இல்ல. அது வெறும் மழைக்கால இடி. ஏத்தாதீங்கன்னு என் வீட்டுல எச்சரிச்சாங்க. கேக்காம மாமாவை ஏத்துனவன் நான்."

கூடம் சலசலத்தது. அண்ணி எழுந்தார். அறைந்தே விடுவாரோ என்று நானும் எழுந்துவிட்டேன்.

"நீதான் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும்டா. சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு. அவர் மேல பாவம் உண்டா, இல்லையா? அதைச் சொல்லு."

"இல்லக்கா. துளிகூட இல்ல."

அண்ணி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அண்ணன் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பாவிக்காக எப்படி அழுவது என்று அன்று வெட்கப்பட்டிருந்தார்.