சம்மனசு பிந்திய திருநாள்

எங்கள் கோயில் திருநாளுக்கு ஆபிரகாம் கூத்துப் போட்ட வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போதும் கொழும்புத்துறைக் கரையில் மாலைக் காற்று வீசினால், கூத்துப் பழகிய அந்த நாள்களின் மத்தளச் சத்தம் எனக்குக் கேட்கும். அப்பா ஆபிரகாம். கடவுள் கேட்டபடி அவர் பலி கொடுக்கப்போகும் மகன் ஈசாக்காக நடித்தது நான்.

அது நேர்த்தி. மார்கழியில் என் அண்ணன் ஜெரிசன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் எழும்பினால் திருநாளில் ஆபிரகாமாக ஆடுகிறேன் என்று அப்பா எங்கள் கோயில் அந்தோனியாரிடம் சொல்லியிருந்தார். அண்ணன் எழும்பவில்லை.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அப்பாவைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

"அடைக்கலம், நீ கேட்டது கிடைக்கேல்லை. பிறகென்ன நேர்த்தி? நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

"நான் அவரோடை யாவாரம் கதைக்கேல்லை, அண்ணாவியார். ஆடுறன் எண்டு சொன்னனான். ஆடுவன்."

"விசர் மனுசன்" என்று குசினிக்குள் அம்மா அழுதாள்.

ஆனால் பழக்கத்தில் பலிக் கட்டம் வந்தால் அப்பா வாய் திறக்கமாட்டார். "தந்தவர் நீரே, தந்தேன் நானே." அந்த ஒரு வரிதான். கத்தியை ஓங்குவார், பிற்பாட்டுக்காரரைப் பார்ப்பார், இறக்கிவிடுவார். "மேடையிலை பாடுறன்" என்பார். வீட்டில் செபமாலை சொல்லும்போதும் அவர் உதடு அசைவதில்லை. அப்பா இனிக் கடவுளோடு கதைக்கவே மாட்டாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

திருநாளன்று, பின்னேரப் பூசை முடிந்ததும் கூத்துத் தொடங்கியது. என்னை விறகுக் கட்டின்மேல் குப்புறக் கிடத்தினார்கள். என் முதுகில் அப்பாவின் முழங்கால் நடுங்கியது.

"பாடுங்கோ அப்பா" என்று கிசுகிசுத்தேன்.

பாடினார். மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல, கரகரத்த குரலில்.

இனி, கடவுளின் தூதனான சம்மனசு வந்து தடுக்கவேண்டும். வரவில்லை. எங்கள் கூத்தில் அடுத்த ஆள் மேடைக்கு வரும்வரை, நிற்கிறவர் தன் வரியைத் திருப்பித் திருப்பிப் பாடவேண்டும். பிற்பாட்டும் விடாமல் அதை வாங்கித் திருப்பிப் பாடும்.

திரைக்குப் பின்னால் ஒரே அமளி. சம்மனசு வேடம் போட்ட றோயின் சிறகு திரைக் கயிற்றில் கொளுவிவிட்டது.

"இழுக்காதையுங்கோ, கிழியுது!"

"எடேய், சிறகை விட்டிட்டு ஓடடா!"

அப்பா இரண்டாம் தரம் பாடினார். மூன்றாம் தரம் குரல் உடைந்து பாதியில் நின்றது. பிற்பாட்டுக்காரர் வரியை முடித்து, மறுபடி அவரிடம் கொடுத்தார்கள். மத்தளம் காத்திருந்தது. அண்ணனையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது பாடுவாரே, அந்தப் பழைய குரல் அப்போதுதான் வந்தது.

"தந்தவர் நீரே, என்ரை ஜெரிசனைத் தந்தேன் நானே."

அப்படி ஒரு வரி கூத்தில் இல்லை. பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடவில்லை. மத்தளமும் அடங்கியது. என் முதுகில் நடுக்கம் நின்றிருந்தது.

அந்த அமைதிக்குள் றோய் ஒற்றைச் சிறகோடு ஓடிவந்து விழுந்தான்.

"ஆபிரகாமே, நில்!"

சனம் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தது. அப்பா கத்தியை இறக்கினார்.

"ஏன் மோனை, இவ்வளவு பிந்தினனீ?" என்று சம்மனசிடம் மெல்லக் கேட்டார்.

"சிறகு கொளுவிப்போட்டுது, மாமா."

அப்பா என்னைத் தூக்கி நிறுத்தினார். நான் அண்ணாந்து பார்த்தேன். முகப்பவுடரெல்லாம் கண்ணீரில் கரைந்து வழிய, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.