பின்சுவர்க் கடல்

உணவகத்தின் பின்சுவரில் வரைந்திருந்த கடல், கடை திறந்த பத்தாம் மாதம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியத்தில் இறங்கி வந்து மேசைக் கால்களை நனைத்தது. அதற்கு முன் அந்தக் கட்டடம் சாக்குக் கிடங்காக இருந்தது, பிறகு செருப்புக் கடையாக, பிறகு யாரும் படித்து முடிக்காத தட்டச்சுப் பயிற்சி நிலையமாக. எதுவும் நிலைக்கவில்லை. கடைசியாக வாங்கியவர், கடலே இல்லாத ஊரில் கடற்கரை உணவகம் வைத்தால் கூட்டம் அள்ளும் என்று நம்பினார். பிளாஸ்டிக் தென்னைகள் வந்தன, கிளிப் பொம்மைகள் வந்தன. சுவரில் வரைந்த பெயின்டர் கடலைப் பார்த்ததே இல்லை. காலண்டரைப் பார்த்து வரைந்தார்.

தண்ணீர் உப்புக் கரித்தது. முதல் வருடம் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அடுத்த வருடம் செருப்பு நனைகிறது என்று முணுமுணுத்தார்கள், அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கடல் மட்டும் தினமும் வந்தது. முதலாளியின் மனைவி அடுப்பை அணைத்த கையோடு உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைத் துடைப்பத்தால் தெருச் சாக்கடை வரை தள்ளினாள். இப்படியே பதினோரு வருடம். பெயின்டரை வரவழைத்துக் கடலுக்கு வெள்ளையடித்தும் பார்த்தாள். வெள்ளைச் சுவரிலிருந்தும் தண்ணீர் வந்தது. பெயின்டர் தலையைச் சொறிந்துவிட்டுக் கடலையே மறுபடி வரைந்துகொடுத்துப் போனார். அவளுக்கு முழங்கால்கள் வீங்கின. கடையை விற்றுவிட்டு வந்துவிடச் சொல்லி மகள் போனில் நச்சரித்தாள்.

"வித்தா மட்டும்? பாவம், வாங்குறவன் பொண்டாட்டியில்ல தள்ளணும்."

ஒரு நாள் தண்ணீர் வந்தபோது அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னால முடியல, அவ்வளவுதான்."

துடைப்பம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்படியெல்லாம் துழாவி எடுத்து வருவதற்குள் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. பிறகு தரை தெரிந்தது. கடைசி நுரையும் சுவருக்குள் போனது.

"அட, தானாவே வடியுதே!"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அதை ஒரு நாளும் வடிய விட்டதில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பசிக்குது. சோத்தப் போடுங்க," என்றாள்.

அவர் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் பரிமாறினார். மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கால் நனைய நனைய, நிதானமாகச் சாப்பிட்டார்கள். இடையில் யாராவது வந்தால், "செருப்பக் கழட்டி மேல வச்சிட்டு உக்காருங்க, இப்ப போயிடும்," என்பாள். வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.