ஈயக் கூரையில் ஒருவன்

எங்கள் வின்டர்கோட் கிராமத்தில் கடை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. தேவாலயம் மட்டும் உண்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் ஒரே பாதிரியார் என்பதால் சாவி ஹெஸ்டர் புல்லிமோரிடம் இருந்தது. எழுபது வயதைத் தாண்டியவள்.

அறுவடைப் பண்டிகைக்கு முந்தைய மதியம், அலங்காரத்துக்காக அவளும் நானும் பூசணிக்காய்களைச் சுமந்து போனோம். வடக்குச் சுவரோரம் ஒரு வேன். பக்கத்தில் ஏணி. மேலே கூரையில் வேய்ந்த ஈயத்தகடு கிழிபடும் சத்தம். ஈயத்துக்கு நல்ல விலை; பக்கத்து ஊர் ஸ்லேட்பியிலும் இப்படித்தான் உரித்துப் போனார்கள். மழை இறங்கி, அந்தத் தேவாலயம் இன்னும் பூட்டியே கிடக்கிறது.

ஹெஸ்டர் பூசணியைப் போட்டுவிட்டு ஏணியைப் பற்றி இழுத்தாள். நானும் கைகொடுத்தேன். ஏணி புல்லில் சாய்ந்தது. வேனிலிருந்தவன் எங்களைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிப் பறந்துவிட்டான்.

"ஏய் கிழவி, ஏணிய வை!" கூரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"அங்கேயே இரு ராசா. ஊரக் கூட்டிட்டு வரேன்."

உள்ளே போய் மணியை விடாமல் அடித்தாள். தூறல் போட்டது. ஈயம் போன பலகையில் அவன் கால் வழுக்கியது. சறுக்கி வந்து, கூரை விளிம்பிலிருந்த மழைநீர்த் தகரத்தைப் பிடித்துத் தொங்கினான்.

"ஹெஸ்டர், விழப்போறான்!" என்று அலறினேன்.

ஓடி வந்தாள். இருவரும் ஏணியைத் தூக்கி நிறுத்துவதற்குள் தகரத்தின் ஒரு முனை பெயர்ந்தது.

"கை விடுது... அம்மா!"

ஹெஸ்டர் மளமளவென ஏறினாள். "கீழ பாக்காத. என் தோள்ல கால வை. வைடா!"

முழுப் பாரமும் அவள்மேல் இறங்கியது. ஏணி அதிர்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தேன். இறங்கியதும் அவன் புல்லில் விழுந்து நடுங்கினான். முகத்தில் இன்னும் பருக்கள்.

மணி கேட்டு ஸ்லேட்பி ஆட்கள் டிராக்டரில் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ஏமஸ் திர்க்கெல் கையில் இரும்புக் கம்பி.

"நகருங்க ஹெஸ்டர். எங்க கோயில நாசம் பண்ணினவன் இவந்தான்."

"இவன்தான்னு நீ பாத்தியா? போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் இவன் என் பொறுப்பு."

ஏமஸ் கம்பியை இறக்கவில்லை. அவளும் நகரவில்லை. கடைசியில் ஏமஸ், "உங்களுக்குப் பைத்தியம்தான்" என்று கம்பியை டிராக்டருக்குள் எறிந்தான்.

போலீஸ் வந்து அந்தப் பையனைக் கொண்டுபோன பிறகுதான் ஹெஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எலும்பு முறிந்திருந்தது.