எடுத்துவிட்டால் ஆள் தெரியாது

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகப் பிறந்தது. மாலை ஆங்கில வகுப்பில், ஆளை அடையாளம் காட்டும் தொடரை வைத்துப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னார் வாத்தியார். இரண்டு எழுதினேன். மூன்றாவது இப்படி ஆகிவிட்டது. (இது கதைதானா என்று இன்னும் சந்தேகம்.)

பாடம் இதுதான்: பெயர் சொல்லாமல், 'ஹூ' (who) போட்டு ஒருவரைப் பற்றி ஒரு செய்தி.* "அந்தச் செய்தியை எடுத்துட்டா ஆள் யாருன்னே தெரியக்கூடாது. அதான் சரியான தொடர்" என்பார் வாத்தியார். புதிதாகச் சேருகிறவர், தெரிந்த ஒருவரை அப்படி அடையாளம் காட்ட வேண்டும். அந்த ஒருவர் பதிலுக்கு, புதிதாக வந்தவரைப் பற்றிக் கரும்பலகையில் எழுத வேண்டும். அது அவர் வகுப்பின் வழக்கம்.

(* தமிழில் செய்தி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து அப்பாவியாக நிற்பார். செய்தியைப் பின்னாலிருந்து முதுகில் ஒட்டுவார்கள்.)

2

"மழை ஓய்ந்த மாலையில், கண்களில் சோகம் ததும்ப, அந்தத் தையற்காரி..."

வேண்டாம். வகுப்பில் முதலில் சிரிப்பவளே அவள்தான். துணிக்கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கால்சட்டைக்கு மடிப்புத் தைத்துவிட்டு, இங்கே வந்து தப்பும் தவறுமாக வாய்விட்டுப் பேசுவாள். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போனது ஊருக்கே தெரியும். இந்த ஓர் அறைக்குத்தான் தெரியாது. அதற்காகவே வந்தாள்.

அன்று புதிதாகச் சேர்ந்தது அவளுடைய நாத்தனார்.

3

"இங்க யாரையாவது தெரியுமாம்மா?" என்றார் வாத்தியார்.

"ஏன் தெரியாது? அதோ எங்க அண்ணி." நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்: என் அண்ணன் விட்டுவிட்டுப் போன பெண் இவள்.

வாத்தியார் முகம் மலர்ந்தது. "சபாஷ்! ஒரு பிழை இல்ல. எல்லாரும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். பேனாவுக்கு என்ன வெட்கம்?

தையற்காரி எழுந்தாள். "சார், அதை எடுத்துட்டா நான் யாருன்னு இவங்களுக்குத் தெரியாதா?"

"இலக்கணப்படி தெரியாதும்மா."

"இத்தனை நாளா தெரிஞ்சுதே, சார்."

வாத்தியார் சாக்பீஸை நீட்டினார். "இப்ப உங்க முறை."

4

முடிவு அ: அவள் அழுதுகொண்டே வெளியேறுகிறாள். [அடித்துவிட்டேன். அழவைப்பது எழுதுகிறவனுக்குச் சுலபம்.]

முடிவு ஆ: 'எனக்கு மிகவும் பிரியமான பெண்' என்று பெருந்தன்மையாக எழுதுகிறாள். [எனக்கே கொட்டாவி வந்தது.]

முடிவு இ: 'த உமன் ஹூ' என்று எழுதிவிட்டுத் திரும்புகிறாள். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மாடிக் கொடியில ஒரு சட்டை காய்ஞ்சுதே. காலர் நைஞ்சுபோச்சுன்னு உங்க அண்ணனுக்கு நான் பிரிச்சுத் திருப்பித் தைச்ச சட்டை. என் தையல் எனக்குத் தெரியாதா?"

அண்ணன் எங்கே இருக்கிறானோ என்று இத்தனை நாளாகக் கையை விரித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு முகம் வெளிறியது. "அண்ணி, வேண்டாம் அண்ணி. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"ஏன்டி, என் சேதி மட்டும் வீட்லயா இருந்துச்சு?"

"குடும்ப விஷயம் அப்புறம்" என்றார் வாத்தியார். "'ஹூ'வுக்கு அப்புறம் வினைச்சொல் வரணும். முடிங்க."

இதற்கு மேல் நான் எழுதவில்லை. வகுப்பு மொத்தமும் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது, நீங்களும்தான். அண்ணனை ஒளித்துவைத்தவள் என்று நாத்தனார் முதுகில் ஒரே வரியில் ஒட்டிவிடலாம். ஆனால் தையற்காரி சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நிற்கிறாள். வினைச்சொல்லை நீங்கள் போடுங்கள். கை கூசினால் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் இல்லை.